செட்டிபாளையம் போகுமுன் பிரேக் ஆயில்

கஞ்சிக்கோட்டிலிருந்து வாளையாறு தாண்டினால் செட்டிபாளையத்தின் கரி மோட்டார் ஸ்பீட்வே பக்கம்தான். 1995இல் விமான விபத்தில் இறந்த பந்தயக் கார் வடிவமைப்பாளர் கரிவர்தன் பெயரிலுள்ள 2.1 கிலோமீட்டர் களம் அது. வேலைக்குப் போகும் காரையே அங்கே விரட்டினால் சில சுற்றுகளில் பெடல் தொளதொளத்துவிடும். உடனே எல்லாரும் விலை உயர்ந்த ஆயிலைத் தேடுகிறார்கள். ஆனால் ஆறிய காரில் பெடலை விறைப்பாக்கும் ஆயில் எதுவும் கிடையாது. வித்தியாசம் சூட்டில்தான் தெரியும். ஆயில் கொதித்தால் ஆவிக் குமிழி உண்டாகும், குமிழி அமுங்கும், பெடல் இறங்கும்.

ஆகவே, முதலில் நோயைக் கண்டுபிடியுங்கள். ஆறிய காரிலேயே பெடல் மெத்தென்று இருந்து, இரண்டு மூன்று முறை மிதித்தால் விறைக்கிறதா? பெரும்பாலும் லைனில் காற்று. மிதித்தபடி வைத்தால் மெல்ல அமிழ்கிறதா? கசிவு, அல்லது மாஸ்டர் சிலிண்டர் சீல். பெடல் கல் போலிருந்தும் வண்டி நிற்கவில்லையென்றால் பேட் சூடேறிப் பிடிப்பை இழந்திருக்கிறது. சூடான பிறகு மட்டும் பெடல் கீழே போனால்தான் ஆயிலைச் சந்தேகிக்க வேண்டும். போடிமெட்டு இறக்கத்தில் கியரைக் குறைக்காமல் பிரேக்கிலேயே வருகிறவர்களுக்கும் இதே கதைதான்.

அடுத்தது தேர்வு. புது ஆயிலின் குறைந்தபட்சக் கொதிநிலை டாட் 3க்கு 205 டிகிரி செல்சியஸ், டாட் 4க்கு 230, டாட் 5.1க்கு 260. ஈரம் ஏறிய பிறகு இவை 140, 155, 180 ஆக இறங்கும். இந்த வகைகள் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சுபவை; ஆறு மாதம் மழை பார்க்கும் பாலக்காட்டில் நான் பார்ப்பது இரண்டாவது எண்ணைத்தான். 300 டிகிரியைத் தாண்டும் பந்தய ஆயில், அடிக்கடி மாற்றுகிறவருக்குச் சரி. மற்றவருக்கு நல்ல டாட் 4 அல்லது 5.1 போதும். ரிசர்வாயர் மூடியில் எழுதியிருக்கும் வகைக்குக் கீழே மட்டும் போகாதீர்கள். டாட் 5 என்பது சிலிக்கோன், 5.1உடன் குழப்பிக்கொள்ள வேண்டாம். அது மற்றவற்றோடு சேராது, ஏபிஎஸ் வண்டிக்கு ஆகாது, சற்று அமுங்கவும் செய்யும்.

மாற்றும்போது சீல் உடையாத புட்டியையே எடுங்கள். ரிசர்வாயரிலுள்ள பழையதைச் சிரிஞ்சால் உறிஞ்சிவிட்டுப் புதியதை ஊற்றுங்கள். எந்தச் சக்கரத்தில் தொடங்குவது என்பது வண்டிக் கையேட்டில் இருக்கும். பிளீடர் நிப்பிளில் தெளிந்த குழாயை மாட்டி, மறுமுனையைக் கொஞ்சம் ஆயில் உள்ள புட்டியில் அமிழ்த்துங்கள். உள்ளே ஒருவர் பெடலை மிதித்துப் பிடிக்க, நிப்பிளைத் திறந்து, அவர் காலை எடுக்கும் முன் மூடிவிடுங்கள். குமிழி நின்று புது ஆயில் வரும்வரை இதுவே வேலை. ரிசர்வாயர் காலியாக விடவே கூடாது. காற்று ஏபிஎஸ் யூனிட்டுக்குள் போனால் சில வண்டிகளில் ஸ்கேனர் இல்லாமல் எடுக்க முடியாது. பெயின்டில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

பெடல் விறைத்த பிறகு ஆளில்லா இடத்தில் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். களத்தில் கடைசிச் சுற்றைப் பிரேக் தொடாமல் ஆற்றி ஓட்டுங்கள். நிறுத்தியதும் ஹேண்ட் பிரேக் இழுக்காமல், கியரில் போட்டுச் சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். சூடான டிஸ்க்கில் பேட் அழுந்தி நிற்பது நல்லதல்ல.