எண்பலகையும் பூமாவும்

ஊர்தியின் எண்பலகை அடையாளத்தின் பொருட்டு ஏற்பட்டது. அரசு அதனை வழங்குகிறது; உரிமையாளர் உரிய கட்டணத்தைச் செலுத்துகிறார். அதற்குமேல் அதில் ஆராய்வதற்கு யாதுமில்லை என்றே நாம் எண்ணுவோம். ஆயின், அமெரிக்காவின் தென்கிழக்கு மூலையிலுள்ள ஃபுளோரிடா மாநிலத்தில் அப்பலகையே உண்டியலாகவும் விளங்கி வருகின்றது. 1986இல் சாலஞ்சர் விண்ணோடம் வெடித்து எழுவர் மாண்டனர். அவர்தம் நினைவாக 1987இல் அம்மாநிலம் சிறப்பு எண்பலகையொன்றை வெளியிட்டது. விரும்புவோர் கூடுதல் கட்டணம் செலுத்தி அதனைப் பெறலாம். அத்தொகை குறித்த பணிக்கே செல்லும். அம்முறை வேரூன்றவே, 1990இல் மேனட்டி என்னும் கடற்பசுவின் உருவம் தாங்கிய பலகையும், பூமாவின் முகம் தாங்கிய பலகையும் வெளிவந்தன.

ஈண்டுப் பெயர் பற்றி ஒரு சொல். இவ்விலங்கை ஆங்கிலத்தில் 'ஃபுளோரிடா பேந்தர்' என்பர். அகராதியைப் புரட்டிச் 'சிறுத்தை' என மொழிபெயர்ப்பது எளிது, ஆனால் பிழை. புள்ளிகளற்ற, பழுப்பு நிற மேனியுடைய இது, அமெரிக்கக் கண்டங்களுக்கே உரிய பூமா இனத்தைச் சார்ந்தது. மாநில விலங்கைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு 1982இல் பள்ளி மாணவர்களுக்கு அளிக்கப்பட்டபோது, அவர்கள் வாக்களித்தது இதற்கே. அந்நாளில் காட்டில் எஞ்சியிருந்தவை 20 முதல் 30 வரையே என்பது மதிப்பீடு.

எண்ணிக்கை இவ்வாறு சுருங்கியமையால் நெருங்கிய உறவுக்குள்ளேயே இனப்பெருக்கம் நிகழ்ந்தது. நுனி மடிந்த வாலுடனும் இதயக் குறைபாட்டுடனும் குட்டிகள் பிறந்தன. 1995இல் டெக்சாஸ் மாநிலத்திலிருந்து 8 பெண் பூமாக்கள் கொணர்ந்து விடப்பட்டன. அவற்றுள் 5 குட்டிகளை ஈன்றன. புதுக்குருதி கலந்தபின் இனம் தேறியது. 2017இல் வெளியான மதிப்பீடு, 120 முதல் 230 வரை எனக் கூறுகின்றது.

இப்பணிகளுக்குப் பொருள் எங்கிருந்து வந்தது? பூமா பலகை பூட்டிய ஒவ்வொருவரும் ஆண்டுதோறும் கூடுதலாகச் செலுத்தும் 25 டாலரில் பெரும்பகுதி, பூமா ஆய்வுக்கென அமைந்த பொறுப்பு நிதிக்குச் செல்கின்றது. மாநில வனவிலங்கு ஆணையத்தின் பூமா ஆய்வுக்கு முதன்மையான வருவாய் இதுவே. வானொலிக் கருவி பொருத்திய கழுத்துப்பட்டையை அணிவித்து, ஒரு விலங்கு எங்கே திரிகிறது, எங்கே சாலையைக் கடக்கிறது என்று அறியும் பணி 1981இலேயே தொடங்கியது. எனினும் அதனை ஆண்டாண்டாகத் தளராது நடத்தத் துணைநின்றது இவ்வருவாய்.

இனி, இதிலுள்ள முரணைக் காண்போம். 'பூமாவைக் காப்பீர்' என்று பொருள்படும் தொடர் அப்பலகையில் பொறிக்கப்பட்டுள்ளது. ஆனால், அறியப்பட்ட பூமா இறப்புகளுக்கு முதற்காரணம் ஊர்தி மோதலேயாகும். அண்மைக் காலத்தில் பல ஆண்டுகளில் 20க்கும் மேற்பட்டவை இவ்வாறு மடிந்துள்ளன. காக்குமாறு வேண்டும் சொல்லைச் சுமந்து செல்வதும் ஊர்தி, கொல்வதும் ஊர்தி. கடற்பசுவின் நிலையும் வேறன்று. நம் பாக் நீரிணையின் ஆவுளியாவுக்கு உறவான அவ்வுயிரினத்தில், ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரித்தறிய ஆய்வாளர்கள் நோக்குவது, படகுச் சுழலிகள் அதன் முதுகில் கீறிய தழும்புகளைத்தான்.

இதனால் பலகையைப் போலி எனத் தள்ளுதல் தகாது. சதுப்பு நிலத்தை ஊடறுக்கும் 'அலிகேட்டர் ஆலி' நெடுஞ்சாலையில் வேலியிட்டு, விலங்குகள் கடக்க 24 கீழ்வழிகள் அமைத்தபின் அப்பகுதியில் இறப்பு பெரிதும் குறைந்தது. வேலியற்ற ஊரகச் சாலைகளில் குறையவில்லை. கீழ்வழியைக் கட்டுவது சாலைத்துறையின் செலவு. பலகைப் பணத்தால் இயலாதது. எங்கே கட்டவேண்டும் எனக் காட்டும் அறிவைப் பெருக்குவதே பலகைப் பணத்தால் இயல்வது. மற்றொரு குறையும் உண்டு. வாங்குவோர் மனம் முகவெட்டை நாடும். ஊற்றுநீரில் வாழும் சிறு நத்தைக்கு யார் 25 டாலர் தருவார்?

நிலமோ இதனினும் பெரிய சிக்கல். ஓர் ஆண் பூமாவுக்கு ஏறத்தாழ 500 சதுர கிலோமீட்டர் பரப்பு வேண்டும். குட்டி ஈனும் பூமாக்கள் நெடுங்காலம் கலூசஹாச்சி ஆற்றின் தென்கரையிலேயே அடைபட்டிருந்தன. 1973க்குப் பின் முதன்முறையாக 2016இல் வடகரையில் ஒரு பெண் பூமா தென்பட்டது. மறு ஆண்டு, தானியங்கி ஒளிப்படக் கருவியில் குட்டிகளும் பதிவாயின.