தவறான விடையும் வழி சொல்லும்

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்திலிருந்து எழுதிய அன்பு வாசகிக்கு,

பை மதிப்பைக் கணக்கிட பைத்தானில் நீங்கள் எழுதிய புரோகிராம் ஓடுகிறது, ஆனால் 3.14 வரவில்லை என்று எழுதியிருந்தீர்கள். என்ன விடை வந்தது என்று சொல்லவில்லை. அடுத்த முறை அதைக் குறித்து வையுங்கள். லூப்பில் எங்கே பிசகியது என்பதை அந்த எண்ணே காட்டிக்கொடுக்கும்.

நீங்கள் எடுத்துக்கொண்டது 14-ஆம் நூற்றாண்டில் கேரளத்து மாதவர் கண்ட தொடர். 1-இலிருந்து 1/3-ஐக் கழித்து, 1/5-ஐக் கூட்டி, 1/7-ஐக் கழித்து, இப்படியே போய் 4-ஆல் பெருக்க வேண்டும். 1000 உறுப்புகளுக்கு 17.74 வந்தால், குறி மாறாமல் எல்லாமே கூடிக்கொண்டு போகிறது. −0.002 வந்தால், மொத்தத்தைப் பூச்சியமாக்கும் வரி லூப்புக்குள் புகுந்துவிட்டது. சுற்றுக்குச் சுற்று பழைய கூட்டுத்தொகை அழிந்து, கடைசி உறுப்பு மட்டும் மிஞ்சுகிறது. −0.859 என்றால், 0-இல் தொடங்க வேண்டிய எண்ணிக்கை 1-இல் தொடங்கி, முதல் உறுப்பு விடுபட்டிருக்கிறது.

எதுவும் பொருந்தவில்லையா? 4 சுற்று மட்டும் ஓடவிட்டு, ஒவ்வொரு சுற்றிலும் விடையை பிரின்ட் செய்யுங்கள். கையால் போட்டால் 4, 2.667, 3.467, 2.895 என்று வரும். எந்தச் சுற்றில் முதலில் விலகுகிறதோ அங்கே தேடுங்கள். தறியின் ஜக்கார்டு அட்டையில் ஒரு துளை தப்பினால் சேலையின் கரை நெடுக அதே பிழை திரும்பத் திரும்ப விழும் என்பது உங்கள் நெசவாளர் தெருவில் எல்லோருக்கும் தெரியும். லூப்பும் அப்படித்தான், ஒரு வரியைத் திருத்தினால் ஆயிரம் சுற்றும் சரியாகும்.

எல்லாம் சரியாக இருந்தாலும் 1000 உறுப்புகளுக்கு 3.14059 தான் வரும். அதைப் பிழையென்று நினைத்து நல்ல வரியைக் கெடுத்துவிடாதீர்கள். இந்தத் தொடரின் வேகம் அவ்வளவுதான்: உறுப்புகளைப் பத்து மடங்காக்கினால் இலக்கம் ஒன்றுதான் திருந்தும். மாதவர் மரபினர் அதற்கும் வழி வைத்திருந்தார்கள். 1000 உறுப்புகள் முடிந்து 4-ஆல் பெருக்கியதும் 1/1000-ஐக் கூட்டுங்கள், 3.1415927 கிடைக்கும். சிறுவயதில் சில காலம் உங்கள் காஞ்சிபுரத்தில் இருந்த ராமானுஜன் 1914-இல் வெளியிட்ட தொடரோ, முதல் உறுப்பிலேயே அவ்வளவு துல்லியம் தருகிறது. அதன்பின் ஒவ்வோர் உறுப்புக்கும் சுமார் 8 இலக்கங்கள் கூடும்.

பிழை என்றால் வரியைத் திருத்துங்கள். மெதுவென்றால் வேறு தொடரை எடுங்கள். இரண்டையும் பிரித்தறிவதுதான் இந்தக் கலையில் பாதி. அடுத்து ராமானுஜன் தொடரையே எழுதிப் பாருங்கள். அதில் பெருக்கிக்கொண்டே போகும் லூப் வரும். அந்தப் பெருக்குத்தொகையை 0-இல் அல்ல, 1-இல் தொடங்குங்கள்.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளர்