தவிட்டின் சிக்கு வாடையும் வைட்டமின் ஈயும்

கோணியில் நெடுநாள் கட்டி வைத்த பச்சரிசித் தவிட்டை அவிழ்க்குங்கால் சிக்கு வாடை வீசுவதைக் குடியானவர் யாவரும் அறிவர். தவிட்டிலுள்ள எண்ணெய் கெட்டதற்கு அது அடையாளம். எண்ணெய் கெடும்போது அதிலுள்ள வைட்டமின் ஈ என்னும் ஜீவசத்தும் உடன் அழிகின்றது.

இச்சத்தை 1922-ஆம் ஆண்டில் கலிபோர்னியாவில் ஹெர்பர்ட் இவான்ஸ், காதரின் பிஷப் என்னும் இருவர் கண்டறிந்தனர். பன்றிக் கொழுப்புச் சேர்ந்த ஒரு குறித்த தீனியை உண்ட எலிகள் நன்கு வளர்ந்தும், அவற்றின் கருக்கள் வயிற்றிலேயே அழிந்தன. லெட்டூஸ் என்னும் கீரையையும் பின்னர்க் கோதுமையின் முளைக்கருவையும் கொடுத்தபோது குட்டிகள் பிறந்தன. ஆதலின், 'மகப்பேறு' எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லையொட்டி இதற்கு டோக்கோபெரால் என்று 1936-இல் பெயரிட்டனர். பெயரைக் கண்டு, பிள்ளையில்லாதார்க்கு இது கைகண்ட மருந்தென்று எண்ணி மாத்திரைக்குப் பொருள் செலவிடுதல் வீண். எலிகளிடம் கண்ட பலன் மனிதரிடம் மெய்ப்பிக்கப்படவில்லை. கொழுப்பைச் செரிக்க இயலாத வியாதியஸ்தரை விட்டால், மனிதரிடம் இச்சத்துக் குறைவு மிக அரிது. நிலக்கடலை, சூரியகாந்தி விதை, கீரை ஆகியவற்றிலேயே இது கிடைக்கும். மாத்திரையை அளவுமீறி உட்கொண்டாலோ, இரத்தம் உறைதல் தடைப்படக் கூடும்.

கோழிக்குஞ்சுகளின் நிலைமை வேறு. சிக்குப் பிடித்த தீனியைத் தின்னும் குஞ்சுகள் இரண்டு முதல் நான்கு வார வயதில் தள்ளாடும். தலை பின்னுக்கு வளையும். கால்களை நீட்டி விழுந்து மாளும். சிறுமூளை கெடுவதே காரணம். இதனைக் கழிச்சலென்றோ, தெய்வக் குற்றமென்றோ கருதுவோர் தீனிக் கோணியை முகர்ந்து பார்ப்பதில்லை! கெட்ட மூளை பெரும்பாலும் சீர்ப்படாது. ஆயினும் தீனியை உடனே மாற்றினால் எஞ்சிய குஞ்சுகளேனும் பிழைக்கும்.

நெல்லைத் தீட்டியவுடனே, தவிட்டில் இயல்பாயுள்ள ஒரு நொதிப்பொருள் எண்ணெயைச் சிதைக்கத் தொடங்குகின்றது. புழுக்கும் சூட்டில் அந்நொதி அடங்குவதால், புழுங்கல் தவிட்டில் இக்கேடு குறைவு. எனினும் காற்றுப் பட்டால் அதுவும் நாளடைவில் கெடும். ஆகவே குஞ்சுகளுக்குரிய தவிட்டைச் சிறிது சிறிதாக, ஆலையிலிருந்து புதிதாகவே வாங்குதல் வேண்டும். பழைய கோணியின் அடியில் தங்கிய தவிட்டைப் புதியதோடு கலத்தலாகாது. மிஞ்சியதைக் குப்பைக்குழியில் எருவாக இடலாம்.