நோயாளியைத் தேடிச் சென்ற இருதயக் கருவி

நம் உடலில் ஓய்வென்பதையே அறியாது உழைக்கும் உறுப்பு இருதயம். நிமிடத்திற்கு 72 முறை என்று கொண்டால், ஒரே நாளில் அது ஒரு லட்சம் தடவைக்கு மேல் துடிக்கிறது. ஒவ்வொரு துடிப்பிற்கும் முன்னர் இருதயத் தசையில் மெல்லிய மின்னோட்டம் ஒன்று பரவுகிறது. தோலின் மேற்பரப்பிலும் அதனை அறியலாம். ஆனால் அங்கே அதன் அளவு சுமார் 1 மில்லிவோல்ட்தான்! டார்ச் விளக்கில் நாம் இடும் செல்லின் மின்னழுத்தத்தில் 1,500இல் ஒரு பங்கு. இத்துணை நுண்ணிய மின்சாரத்தைப் பிடித்துக் கோடாக வரைந்து காட்டுவதே ஈ.சி.ஜி. கருவியின் வேலை. ஒரு காலத்தில் அறைகளை அடைத்து நின்ற அக்கருவி, ஆம்புலன்ஸ் வண்டியின் சிறிய இடத்திற்குள் எவ்வாறு புகுந்தது என்பதை இங்கே காண்போம்.

நகர இயலாத கருவி

ஹாலந்து நாட்டின் லைடன் நகரில் வாழ்ந்த வில்லெம் ஐந்தோவன் என்னும் விஞ்ஞானி, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இழைக் கால்வனாமீட்டரை அமைத்தார். வலிமை மிக்க மின்காந்தத்தின் நடுவே, வெள்ளி பூசிய மெல்லிய படிக இழை ஒன்று அதில் தொங்கியது. இருதயத்தின் மின்சாரம் பாயும்போது அவ்விழை அசையும். அவ்வசைவு புகைப்படமாகப் பதியும். கருவியின் எடை சுமார் 270 கிலோ. இயக்க ஐந்து பேர் வேண்டும். நோயாளி தம் இரு கைகளையும் ஒரு காலையும் உப்புநீர்த் தொட்டிகளில் அமிழ்த்தி அமர்ந்திருக்க வேண்டும்.

கருவியை நோயாளியிடம் கொண்டு செல்ல இயலவில்லை. ஆகவே 1905ஆம் ஆண்டில், 1.5 கிலோமீட்டர் தொலைவிலிருந்த மருத்துவமனையிலிருந்து நோயாளியின் இருதயச் செய்தியைத் தொலைபேசிக் கம்பி வழியே தம் ஆய்வுக்கூடத்திற்கு வரவழைத்தார் ஐந்தோவன். 1924ஆம் ஆண்டின் நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது.

பெல்ஃபாஸ்ட் நகரில் ஒரு புதுமை

மாரடைப்பால் இறப்போரில் பலர் வலி தொடங்கிய முதல் ஒரு மணி நேரத்திலேயே, மருத்துவமனையை அடையுமுன் இறந்துவிடுகின்றனர். இருதயத்தின் கீழறைகள் சீராகச் சுருங்காமல் வெறுமே நடுங்கத் தொடங்குவதே பெரும்பாலும் காரணம். உடனே மின் அதிர்ச்சி கொடுத்தால் துடிப்பு சீராகலாம். ஆனால் அதற்கு இருப்பவை சில நிமிடங்களே.

வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரில், ராயல் விக்டோரியா மருத்துவமனையின் டாக்டர் ஃபிராங்க் பான்ட்ரிட்ஜ் இதைச் சிந்தித்தார். நோயாளி வரும்வரை காத்திராமல் கருவியே நோயாளியிடம் போகட்டும் என்று முடிவு செய்தார். கார் பேட்டரிகளால் மின் அதிர்ச்சி தரும் கருவி ஒன்று உருவாயிற்று. எடை சுமார் 70 கிலோ. 1966ஆம் ஆண்டில் அது ஆம்புலன்ஸில் ஏறியது. முதல் 15 மாதங்களில் அவ்வண்டி 312 நோயாளிகளுக்கு உதவியது. வழியில் ஒருவரும் இறக்கவில்லை என்று 1967இல் வெளியான அறிக்கை கூறியது. 1968க்குள், விண்வெளி ஆய்வுக்கெனச் செய்யப்பட்ட சிறிய மின்தேக்கியைக் கொண்டு, கருவியின் எடையை ஏறத்தாழ 3 கிலோவாகக் குறைத்தனர்.

சிறிதாக்கினால் மட்டும் போதுமா?

போதாது. ஆம்புலன்ஸின் உட்புறத்தை எண்ணிப் பாருங்கள். நடுவில் ஸ்ட்ரெச்சர்; பக்கத்தில் ஆக்சிஜன் சிலிண்டர்; ஒருவர் மண்டியிடுவதற்கே இடமில்லை. அங்கே வைக்கும் கருவியை வடிவமைப்போர் பலவற்றை எண்ணவேண்டும். ஒரு கையால் தூக்கி மாடிப்படி ஏற வசதியான கைப்பிடி வேண்டும். பேட்டரியில் எவ்வளவு மின்சாரம் மீதமுள்ளது என்பது தெரிய வேண்டும். சிக்கிக்கொள்ளும் கம்பிகளை நிறத்தாலேயே பிரித்தறிய வேண்டும். திரையைப் பக்கவாட்டிலிருந்தும் படிக்க முடிய வேண்டும்.

எச்சரிக்கை மணி சைரன் ஒலியையும் மீறிக் கேட்க வேண்டும். ஆயினும் காரணமின்றி அடிக்கடி ஒலித்தால், 'புலி வருகிறது' என்று கூவிய சிறுவனை ஊரார் நம்பாததுபோல், அதையும் எவரும் பொருட்படுத்தமாட்டார்கள்.

எல்லாவற்றினும் கடினமானது வண்டியின் குலுக்கல். நோயாளி அசைந்தாலோ தசை நடுங்கினாலோ கோடு தாறுமாறாக ஓடும். வடிகட்டும் மின்சுற்றுகளால் இதைச் சீர்ப்படுத்தலாம். ஆனால் அளவுக்கு மீறி வடிகட்டினால், மாரடைப்பைக் காட்டிக்கொடுக்கும் சிறு மேடுபள்ளங்களும் உருமாறிவிடும். அழகான கோடு கிடைக்கும். ஆனால் அது பொய்க்கோடு! அதனால்தான் துடிப்பைக் கண்காணிக்க ஒரு முறையும், நோயைக் கண்டறிய வேறொரு முறையுமாக இக்கருவிகளில் இரு அமைப்புகள் உள்ளன. முதலில் செய்யவேண்டியதோ மிக எளியது: தோலைத் துடைத்து உலர்த்தி, மின்வாயை நன்கு பொருந்த ஒட்டுவது. அதைச் சரிவரச் செய்தால் வடிகட்டியின் வேலை பாதியாகக் குறையும்.

எடையைக் குறைக்கலாம், இடத்தைக் குறைக்கலாம், உண்மையைக் குறைக்கலாகாது. இக்கருவியின் வரலாறு நமக்குச் சொல்வது இதுவே. மாணவியரே, இயற்பியல் வகுப்பில் இரண்டு இணைகோடுகளாக நாம் வரையும் மின்தேக்கிதான் பெல்ஃபாஸ்டில் 70 கிலோவை 3 கிலோவாக்க உதவியது. தேர்வுக்காக மட்டும் அதைப் படிக்காமல், எந்த இடுக்கில் எவர் உயிருக்கு அது உதவும் என்றும் சிந்தித்துப் படிப்போமாக.