நீரிழிவும் நோன்பும்

அட்டமி, சதுர்த்தசி நாள்களில் உபவாசம் இருப்பதும், கதிரவன் மறையுமுன் உண்டு முடிப்பதும் நம் இல்லங்களில் வழிவழி வந்த ஒழுக்கங்களாகும். அவ்வில்லங்கள் பலவற்றில் இன்று நீரிழிவு மாத்திரையும் நிலையான இடம் பெற்றுவிட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடைபெற்று 2023 ஆம் ஆண்டு வெளியான ஆய்வு, நாட்டில் 10 கோடிக்கு மேற்பட்டோர்க்கு இந்நோய் உண்டெனக் கணக்கிட்டது. நோன்பும் மாத்திரையும் ஓர் உடலில் சந்திக்குங்கால் நேர்வது யாது என்பதை இங்கு நாம் ஆராய்வோம்.

உண்ட உணவு குளுக்கோசாக மாறிக் குருதியில் கலக்கிறது. கணையம் சுரக்கும் இன்சுலின் என்னும் நீர், அச்சர்க்கரையை உடலின் அணுக்களுக்குள் புகச் செய்கிறது. இன்சுலின் குறைந்தாலோ, சுரந்தும் சரிவரச் செயற்படாவிட்டாலோ சர்க்கரை குருதியிலேயே தேங்குகிறது. வெறும் வயிற்றில் எடுத்த குருதியில் 126 மில்லிகிராமும் அதற்கு மேலும் காணப்பட்டு, மறு சோதனையும் அதனை உறுதி செய்யின் அது நீரிழிவாகும்.

மாத்திரைகள் யாவும் ஒரே தன்மையன அல்ல. ‘சர்க்கரை மாத்திரை’ என்னும் ஒரே பெயரால் அனைத்தையும் அழைப்பது நம்மவர் வழக்கம். ஆபத்து அங்கேயே தொடங்குகிறது. மெட்ஃபார்மின் தனியே உட்கொள்ளப்படுங்கால் சர்க்கரையை அளவுக்குக் கீழே தாழ்த்துவது அரிது. கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்றவையோ, உணவு வந்ததா இல்லையா என்று பாராமல் கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கச் செய்வன. டாபாகிளிஃப்ளோசின் வகையைச் சேர்ந்தவை சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றுவன. நீரும் அருந்தாத உபவாசத்தில் இவை உடலை வறளச் செய்வதோடு, குருதியில் அமிலம் மிகும் கொடிய நிலைக்கும் வழி வகுக்கலாம். தம் வீட்டிலுள்ளது எவ்வகை என்பதை ஒவ்வொருவரும் மருத்துவரிடமே கேட்டுத் தெரிந்து, ஒரு தாளில் தாய்மொழியில் எழுதி வைத்தல் வேண்டும்.

மருந்துச்சீட்டில் ‘1-0-1’ என்று எழுதும் மருத்துவர், இரவு எட்டு மணிக்குச் சோறுண்ணும் ஒருவரை மனத்திற்கொண்டே எழுதுகிறார். நம் இல்லத்து மூதாட்டியோ ஐந்தரை மணிக்கே உண்டு கை கழுவிவிடுகிறார். சீட்டில் ‘இரவு’ என்றிருப்பதால் எட்டு மணிக்கு மாத்திரையை விழுங்குகிறார். மறுநாள் பூசை முடித்து எட்டு, ஒன்பது மணிக்குத்தான் அடுத்த உணவு. இடையிலுள்ள பதினைந்து மணி நேரத்தில் அம்மாத்திரை சும்மா இருப்பதில்லை. இங்கே பிழை உணவு நேரத்திலும் இல்லை, மருந்திலும் இல்லை. ஒன்றை மற்றொன்று அறியாமல் இருப்பதே குறை. “நாங்கள் இரவில் உண்பதில்லை; மாலை இத்தனை மணிக்கு உண்கிறோம்; மாதத்தில் இன்ன நாள்களில் உபவாசம் இருக்கிறோம்” என்று முதல் நாளே கூறிவிட்டால், மருத்துவர் மருந்தின் வகையையோ அளவையோ நேரத்தையோ மாற்றித் தருவார். கூறக் கூச்சப்படுவோரும் உளர். நோன்பைக் கேட்டால் மருத்துவர் கடிந்துகொள்வாரோ என்று மறைப்போரும் உளர். கடிந்துகொண்டால்தான் என்ன?

சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழ்த் தாழ்ந்தால் உடல் வியர்க்கும், கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், பேச்சுத் தடுமாறும். முதியோரிடம் இவற்றை ‘உபவாசக் களைப்பு’ என்று எண்ணிப் படுக்க வைத்துவிடுவது பெருந்தவறு. நினைவு இருப்பின் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்து உடனே கொடுக்கவேண்டும். தேனை விலக்கிய நமக்குச் சர்க்கரையும் குளுக்கோசுப் பொடியும் உளவே. பதினைந்து நிமிடங்களில் தெளியாவிடின் மீண்டும் கொடுக்கவேண்டும். தெளிந்தபின் சிறிது உணவும் தருதல் வேண்டும். நினைவு தப்பியவர் வாயில் எதனையும் ஊற்றலாகாது, மருத்துவமனைக்கே விரையவேண்டும்.

இரவாயினும், உபவாச நாளாயினும் அச்சர்க்கரை நீர் மருந்தே என்பது நம் கருத்து. விரதம் ஏற்கும்போதே துறவியரிடமோ பெரியோரிடமோ நோயைக் கூறி, இதற்கு விலக்குப் பெற்றுக்கொண்டால் பின்னர் மனம் கலங்க வேண்டுவதில்லை. பதினாறு பாவனைகளுள் ‘ஆற்றலுக்கேற்ற தவம்’ என்று ஒன்று வைக்கப்பட்டிருப்பதை நாம் பாடம் செய்திருக்கிறோம். ‘ஆற்றலுக்கேற்ற’ என்னும் அடைமொழியை மட்டும் விட்டுவிடுகிறோம். புறத்தவம் ஆறனுள் முதலாவது உண்ணாமை; இரண்டாவது அவமோதரியம், அஃதாவது வயிறு நிரம்புமுன் எழுந்துவிடுதல். இன்சுலின் ஊசி போடுவோர், அடிக்கடி சர்க்கரை தாழ்வோர், சிறுநீரகம் பழுதுற்றோர், கருவுற்றோர் ஆகியோர்க்கு முதலாவது தகாது. இரண்டாவதோ நோய்க்கும் நன்று, தவத்திற்கும் நன்று. சோற்றைக் குறைத்துப் பயறும் காயும் கூட்டி உண்பது எளிதாகத் தோன்றும். விருந்தில் அமர்ந்து, பரிமாறுவோர் வற்புறுத்துகையில் அதனைச் செய்து பார்த்தால் அதுவும் தவமே என்பது விளங்கும்!

இன்சுலின் விலங்கின் உறுப்பிலிருந்து எடுக்கப்படுவது என்று அதனை மறுப்போர் இன்னும் உளர். 1921 இல் டொரண்டோ நகரில் பாண்டிங்கும் பெஸ்டும் அதனைப் பிரித்தெடுத்த நாள் முதல் பல பத்தாண்டுகள் மாடு, பன்றி ஆகியவற்றின் கணையத்திலிருந்தே அது பெறப்பட்டது உண்மை. 1978 இல் மனித இன்சுலினைப் பாக்டீரியாவைக் கொண்டு ஆக்கும் முறை கண்டறியப்பட்டு, 1982 இல் விற்பனைக்கு வந்தது. இன்று கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் பாக்டீரியா, ஈஸ்டு ஆகிய நுண்ணுயிர்களைக் கொண்டு ஆக்கப்படுவதே. ஓரறிவுயிர்க்கும் இரங்கும் நமக்கு இதிலும் கேள்வி எழலாம். எனினும் கசாப்புக்கூடத்தோடு இதற்குத் தொடர்பில்லை. மருத்துவர் வேண்டுமெனக் கூறிய ஊசியைப் பழைய செய்தியை நம்பி மறுத்தல் கூடாது.

மற்றொன்று. பி12 என்னும் வைட்டமின் தாவர உணவில் இயல்பாகக் கிடைப்பதில்லை. நமக்குப் பாலும் தயிருமே அதற்கு வழி. மெட்ஃபார்மினைப் பல்லாண்டு உட்கொண்டால் அதுவும் குறையக்கூடும். பாதம் மரத்துப்போனால் நீரிழிவு என்று மட்டும் கொள்ளாமல் பி12 அளவையும் சோதித்தல் நலம். குறை இருப்பின் மாத்திரையாலோ ஊசியாலோ அதனை நிரப்பலாம்.

பாதம் மரத்தவர் திருமலைக்கும் பொன்னூர் மலைக்கும் யாத்திரை செல்லுங்கால் உச்சிவேளையில் வெறுங்காலோடு பாறையில் ஏறலாகாது. சுடுவது அவர்க்குத் தெரியாது. கொப்புளமே பின்னர் தெரிவிக்கும். விடியலில் ஏறி வெயிலுக்கு முன் இறங்கி, வீடு திரும்பியதும் இரு பாதங்களின் அடிப்புறத்தையும் கண்ணாடியில் பார்க்கவேண்டும். கண் மங்கியவர்க்குப் பேரப்பிள்ளைகள் பார்த்துச் சொல்லட்டும்.