உடையின் ஓரத்தில் ஒரு சில்லு

உள்நோயாளிக்கு நாங்கள் வழங்கும் உடையின் கீழ் மடிப்பை விரலால் தடவிப் பார்த்தால், ஓரிடத்தில் மெல்லிய தடிப்பு ஒன்று தட்டுப்படும். ஏறத்தாழ ஒரு விரலின் நீளமும் அகலமும் உடைய துணிப் பட்டை அது. படுக்கை விரிப்பிலும் போர்வையிலும் தலையணை உறையிலும் அதையே காணலாம். அண்மையில் ஒரு நோயாளியின் மகள் அதைக் காட்டி, “எங்கள் அப்பாவை எங்கிருந்தோ கண்காணிக்கிறீர்களா?” என்று எங்களிடம் நேராகவே கேட்டார். அது நியாயமான கேள்வி. அவருக்கு அன்று அவசரமாகச் சொன்ன விடையை இங்குச் சற்று விரிவாகச் சொல்கிறோம்.

பட்டைக்குள் இருப்பது ஆர்.எஃப்.ஐ.டி. எனப்படும் ரேடியோ அலை அடையாளச் சில்லு. கடுகினும் சிறிய ஒரு சில்லும், அதனோடு இணைந்த மெல்லிய உலோக இழை ஆன்டெனாவும் அதில் உண்டு. மின்கலம் கிடையாது. ஆகவே அது தானாக எதையும் ஒலிபரப்புவதில்லை. சலவைக்கூட வாயிலில் உள்ள படிப்பான் ரேடியோ அலையை அனுப்பும்போது, அந்த அலையிலிருந்தே சில்லு தனக்கு வேண்டிய மின்னாற்றலை எடுத்துக்கொள்கிறது. பிறகு அலையைத் திருப்பி எதிரொளித்துத் தன் எண்ணைத் தெரிவிக்கிறது. சிறுவர்கள் கண்ணாடித் துண்டால் வெயிலைத் திருப்பிச் சைகை காட்டுவதைப் போன்றது இது. வெயில் கண்ணாடியுடையதன்று, அசைவு மட்டுமே அதனுடையது. எதிரொளித்த ஆற்றலைக் கொண்டே செய்தி அனுப்பலாம் என்னும் கருத்தை ஹாரி ஸ்டாக்மன் என்பவர் 1948-இலேயே கட்டுரையாக வெளியிட்டார். அது துணியில் வைத்துத் தைக்கும் அளவுக்குச் சிறுத்து மலிவடையப் பல பத்தாண்டுகள் பிடித்தன.

இந்தியாவில் இவ்வகைப் படிப்பான்கள் 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசையில் இயங்குகின்றன. சில மீட்டர் தொலைவுக்குள் மட்டுமே அவற்றால் சில்லைப் படிக்க இயலும். சில்லில் உள்ளது வெறும் எண். எங்கள் பதிவேட்டில் அந்த எண்ணுக்கு எதிரே துணியின் வகை, அளவு, வாங்கிய நாள், சலவையான முறைகள் ஆகியவை இருக்கும். நோயாளியின் பெயரோ நோயோ இராது. சேர்க்க முயன்றால் சேர்க்க முடியாததன்று. நாங்கள் சேர்க்கவில்லை, அவ்வளவே. வார்டுகளில் படிப்பான் கிடையாது என்பதையும் அந்த மகளுக்குச் சொன்னோம்.

அப்படியானால் எதற்காக இந்தச் செலவு? முன்பு அழுக்குத் துணிகளை ஊழியர்கள் மூட்டை பிரித்து, ஒவ்வொன்றாக உதறிக் கையால் எண்ணினார்கள். இரத்தமும் சீழும் மலமும் பட்ட துணிகள் அவை. அத்தகைய துணியை உதறக் கூடாது. உதறினால் கிருமி காற்றிலும் கையிலும் பரவும் என்பது தொற்றுத் தடுப்பின் பாலபாடம். எண்ணிக்கை குறைந்தால் பழியும் பெரும்பாலும் அந்த ஊழியர்கள் மீதே விழுந்தது. இன்று கட்டிய மூட்டை கட்டியபடியே படிப்பானைக் கடக்கிறது. சில நொடிகளில் உள்ளிருக்கும் துணிகளின் கணக்கு கிடைத்துவிடுகிறது. எங்களைக் கேட்டால், இந்த ஒரு பயனுக்காகவே சில்லைத் தைத்தது தகும்.

கணக்கில் பிழையே வராது என்று சொல்ல மாட்டோம். நீர் இவ்வலைகளை உறிஞ்சிவிடும்; உலோகம் திருப்பிவிடும். சொட்டச் சொட்ட நனைந்த மூட்டையின் நடுவே கிடக்கும் விரிப்பும், இரும்பு அலமாரிக்குள் பூட்டிய விரிப்பும் படிப்பானுக்குத் தெரியாமல் போகலாம். ஆகையால் உலர்ந்து மடித்தபின் மீண்டும் ஒருமுறை கணக்கெடுக்கிறோம். சலவைக்கென்று செய்யப்படும் சில்லுகள் வெந்நீரையும் இஸ்திரிச் சூட்டையும் ஏறக்குறைய 200 முறை தாங்கும். அதற்குள் துணியே பெரும்பாலும் நைந்துவிடும்.

பாதுகாப்பைப் பற்றி இரண்டு செய்திகளை மறைக்காமல் சொல்ல வேண்டும். முதலாவது படிப்பானைப் பற்றியது. நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாமில், நோயாளி எவரும் இணைக்கப்படாத நிலையில் தீவிர சிகிச்சைக் கருவிகள் 41-ஐ வைத்து 123 சோதனைகள் நடத்தினார்கள். 2008-இல் வெளியான அதன் முடிவின்படி, 34 முறை கருவிகளின் இயக்கத்தில் இடையூறு ஏற்பட்டது. வென்டிலேட்டரும் மருந்து செலுத்தும் பம்பும் உள்ள இடத்தில் படிப்பானை வைக்காததற்குக் காரணம் இதுவே. தைத்த சில்லு தானாக அலை எழுப்பாததால், உடையை அணிவதால் இத்தகைய இடையூறு நேராது. பேஸ்மேக்கர் பொருத்தியவர்களும் தயக்கமின்றி அணியலாம். ஆயினும் அவர்கள் சலவைக்கூட வாயிலின் அருகே நின்றுகொண்டிருக்க வேண்டாம்.

இரண்டாவது, எம்.ஆர்.ஐ. அறை. அங்கு உலோக இழை சூடேறித் தோலைச் சுடக்கூடும். எனவே அந்த அறைக்கெனச் சில்லில்லாத உடைகளைத் தனி நிறத்தில் வைத்திருக்கிறோம். “இப்போதுதானே மாற்றினோம், மறுபடியுமா?” என்று வலியில் இருக்கும் நோயாளியைப் பார்த்துக் குடும்பத்தார் வருந்துவது எங்களுக்குப் புரிகிறது. ஆனால் அந்த ஒரு மாற்றத்தை மட்டும் எக்காரணத்தாலும் தவிர்க்காதீர்கள். நம் சில்லைவிட அங்கு அடிக்கடி இடராக வருபவை சரிகைக் கரை வைத்த வேட்டியும் சேலையும், இடுப்பிலேயே மறந்துபோகும் வெள்ளி அரைஞாண் கொடியும்தான்.

கணக்கு சரியாகத் தொடங்கியபின் நாங்கள் எதிர்பாராத ஒன்றைக் கண்டோம். காணாமற்போனவை என்று எண்ணிய விரிப்புகளில் பல மருத்துவமனையை விட்டு வெளியேறவே இல்லை. மெத்தையின் அடியிலும் உடனிருப்பவர்களின் பைகளிலும் இருந்தன. ஓர் இரவு கேட்டு, மாற்று விரிப்பு கிடைக்காமல், நனைந்த படுக்கையில் தாயைக் கிடத்த நேர்ந்தவர் மறுநாள் ஒன்றை ஒளித்து வைக்கத்தான் செய்வார். அவரைக் குறை கூற எங்களுக்கு வாயில்லை. ஆனால் அவ்வாறு பலர் ஒளிக்கும்போது அடுத்த வார்டில் இன்னொரு தாய் நனைந்த படுக்கையில் கிடக்க நேர்கிறது. தட்டுப்பாடு எந்த வார்டில், எந்த வேளையில் என்பதைச் சில்லு காட்டிவிட்டது. இரவுப் பணிக்கு முன் ஒவ்வொரு வார்டிலும் கூடுதல் விரிப்புகளை அடுக்கிவைப்பது அதன்பின்தான் தொடங்கியது. இரவு எந்த நேரமானாலும் செவிலியரிடம் கேளுங்கள்.

பட்டையைக் கத்தரித்துவிட வேண்டாம். அதனால் தோல் உறுத்தினாலோ, தையல் பிரிந்திருந்தாலோ சொல்லுங்கள், வேறு உடை தருவோம். வீட்டிலிருந்து கொண்டுவரும் துண்டு, லுங்கி, நைட்டி ஆகியவற்றை எங்கள் துணிப் பையில் போடாதீர்கள். அவற்றில் சில்லில்லை, மூட்டையில் சேர்ந்தால் படிப்பானுக்கு அவை தெரியா. சென்ற மாதம் ஒரு பாட்டியின் பழைய கம்பளிச் சால்வை அப்படிச் சேர்ந்துபோய், வெந்நீர்ச் சலவையில் கைக்குட்டை அளவுக்குச் சுருங்கித் திரும்பியது.