வளைமூக்குக் கேத்தில் வாங்க முன்

வைகாசிப் பொங்கலுக்கு ரொறன்ரோவிலிருந்து வற்றாப்பளைக்கு வரும் உறவுக்காரர் அன்பாகக் கொண்டுவந்து தரும் மின்கேத்திலோ, புதுக்குடியிருப்பிலோ முல்லைத்தீவிலோ கடையில் நீங்களே தெரிவுசெய்யும் மின்கேத்திலோ, எதுவானாலும் முதலில் அதைக் கவிழ்த்து அடியைப் பாருங்கள். நீண்டு வளைந்த மூக்கும் மரக் கைப்பிடியும் கண்ணைப் பறிக்கும். அது உங்கள் வீட்டில் வருடக்கணக்காக உழைக்குமா, முதல் நாளே எரிந்துபோகுமா என்பதை அடியில் உள்ள சிறு எழுத்துத்தான் சொல்லும்.

கனடாவில் வீட்டு மின்சாரம் 120 வோல்ற், இலங்கையில் 230. கேத்திலின் அடியில் இருப்பது சூடேறும் கம்பிச்சுருள். வோல்ற் இரண்டு மடங்கானால் அது இழுக்கும் சக்தி நான்கு மடங்காகும். 120 வோல்ற்றுக்குச் செய்த 1000 வாற் கேத்திலை நம்முடைய சுவரில் செருகினால் அது 3600 வாற்றுக்கு மேல் இழுக்கப் பார்க்கும். சுருள் கருகும், அதிர்ஷ்டம் கெட்டால் வயரும் சேர்ந்து கருகும். கனடாவில் வாங்கிய போன் சார்ஜர் இங்கே வேலை செய்கிறதே என்று கேட்பார்கள். சார்ஜர் 100 முதல் 240 வோல்ற் வரை தாங்கும்படி செய்யப்பட்டது, கேத்தில் அப்படியில்லை. பிளக்கின் வடிவத்தை மாற்றும் அடப்டர் வோல்ற்றை மாற்றாது. வோல்ற்றைக் குறைக்கும் பெட்டி ஒன்றை 1000 வாற்றுக்கு வாங்குவதானால் அந்தக் காசுக்கு இங்கேயே நல்ல கேத்தில் வாங்கலாம். ஆகவே கனடா உறவுகளிடம் கேத்தில் வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மனவருத்தம் வராமல் சொல்ல வழி இருக்கும்.

லண்டனிலிருந்து வருவதில் இந்தச் சிக்கல் இல்லை. வோல்ற்றும் பொருந்தும், தட்டையான மூன்று முனைகளுள்ள 13 அம்பியர் பிளக்கும் நம் புதிய சொக்கெற்றுக்குப் பொருந்தும். ஜேர்மனி, பிரான்ஸ் கேத்தில்களில் கவனம் வேண்டும். அங்கே வோல்ற் 230தான். ஆனால் ஜேர்மன் பிளக்கில் எர்த் தொடுப்பு பக்கவாட்டில் இருக்கிறது. பிரெஞ்சு முறையில் எர்த் முனை சொக்கெற்றிலிருந்து வெளியே நீண்டிருக்கும். கடையில் விற்கும் மலிவான அடப்டரில் செருகினால் கேத்தில் கொதிக்கும், எர்த் மட்டும் தொடாமல் போகலாம். ஸ்ரெயின்லெஸ் ஸ்ரீல் பாத்திரம், தண்ணீர், ஈரக் கை, வெறுங்கால் எல்லாம் சேரும் குசினியில் எர்த் இல்லாத கேத்திலை நான் எவருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். எலெக்ரிசியனைக் கூப்பிட்டு, எஸ்.எல்.எஸ். முத்திரையுள்ள 13 அம்பியர் பிளக்கை மாற்றிப் போடச் சொல்லுங்கள். ட்ரிப் சுவிட்சிலுள்ள சோதனைப் பொத்தானையும் அன்றே ஒருமுறை அழுத்திப் பாருங்கள்.

பழைய வயரிங் உள்ள வீடுகளில் இன்னும் 5 அம்பியர் வட்டமுனைச் சொக்கெற்றுகள் இருக்கின்றன. 1000 வாற் கேத்தில் 4.3 அம்பியர் இழுக்கும். 5 அம்பியர் சொக்கெற்றுக்கு அது மட்டுமட்டு. 1500 வாற் 6.5 அம்பியர், 2000 வாற் 8.7 அம்பியர். இவற்றை 5 அம்பியரில் செருகவே கூடாது. இந்த ஒரு விடயத்தில் வளைமூக்குக் கேத்தில் நமக்குச் சாதகம்: பெரும்பாலும் அவை 1000 வாற் அளவில்தான் வருகின்றன. சாதாரண மின்கேத்தில்கள் 1500க்கும் 2200க்கும் இடையில் நிற்கும். வாற் குறைந்தால் மின்கட்டணம் குறையும் என்று நினைக்க வேண்டாம். ஒரு லீற்றரைக் கொதிக்கவைக்கத் தேவையான மின்சாரம் ஏறத்தாழ ஒன்றுதான், நேரம்தான் மாறும். பத்து லீற்றருக்கு ஏறத்தாழ ஒரு யூனிட் போகும். மின்சாரம் 200 வோல்ற்றுக்கு இறங்கும் மாலைகளில் எந்தக் கேத்திலும் முக்கால்வாசிச் சக்தியோடுதான் வேலை செய்யும். அதைப் பழுதென்று எண்ணிக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள்.

இனி மூக்குக்கு வருவோம். மூக்குப்பேணியில் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்களுக்கு இதை நீட்டி விளக்கத் தேவையில்லை. ஒடுங்கிய வழியால் வரும் தண்ணீர் நீங்கள் நினைத்த இடத்தில், நினைத்த அளவில் விழும். கோப்பித்தூளின் மேல் மெதுவாக, வட்டமாக ஊற்றி வடிப்பவர்களுக்கு அது அவசியம். தேயிலைக்கு அப்படியல்ல. நம் வீடுகளில் இருப்பது பெரும்பாலும் டஸ்ற், இல்லையென்றால் பி.ஓ.பி.எஃப். என்ற சிறுதூள் தேயிலை. கொதிதண்ணீர் வேகமாக விழுந்து தூளைக் கலக்கி எழுப்பினால்தான் சாயம் நன்றாக இறங்கும். மெல்லிய நீரோட்டம் வழியிலேயே சூட்டையும் கொஞ்சம் இழக்கும். தேயிலையைச் சுவை பார்ப்பதற்கு 1980இல் வந்த சர்வதேசத் தரம் 100 மில்லிலீற்றருக்கு 2 கிராம் தேயிலை, 6 நிமிட ஊறல் என்கிறது, தண்ணீரும் அப்போதே கொதித்ததாக இருக்க வேண்டும். 1868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் தண்ணீர் 94 பாகையளவிலேயே கொதித்துவிடுகிறது. கடல்மட்டத்திலுள்ள நமக்கு முழு 100 பாகையும் கிடைக்கிறது. கறுப்புத் தேயிலைக்கு அதைவிட நல்ல இடம் வேண்டாம்.

பச்சைத் தேயிலையும் வெள்ளைத் தேயிலையும் குடிப்பவர்களின் கதை வேறு. கொதிதண்ணீர் பட்டால் பச்சைத் தேயிலை கசக்கும்; 75 முதல் 85 பாகை போதும். சூட்டைப் பாகைக் கணக்கில் நிறுத்தும் விலைகூடிய கேத்தில் இதற்கு உதவும். ஆனால் கொதித்த தண்ணீர் மூன்று கோப்பையோடு, முன்பே கொதித்து ஆறிய தண்ணீர் ஒரு கோப்பை கலந்தால் 82 பாகை வந்துவிடும். காசு செலவில்லை.

எனக்கு உண்மையில் கவலை தருவது தண்ணீர். சவர்க்காரம் போட்டால் நுரைக்காத கிணறு உங்களுடையதென்றால் அது வன்னீர். கொதிக்கும்போது அதிலுள்ள சுண்ணாம்பு வெள்ளையாகப் பிரிந்து அடியில் படியும். சாதாரணக் கேத்திலின் வாயில் சிறு வலை இருக்கும், பொருக்குகளைத் தடுத்துவிடும். வளைமூக்கு அடியிலிருந்தே தொடங்குகிறது, அநேகமானவற்றில் வலை இல்லை. பொருக்கு நேராகக் கோப்பைக்கு வரும். ஒடுங்கிய வளைவுக்குள் பிரஷ் போகாது. படிவு கூடக்கூட வழி அடைபட்டு, கொதிக்கும்போது தண்ணீர் மூக்கால் துப்பத் தொடங்கும். கை வெந்துபோகக் கூடும். உங்கள் பழைய கேத்திலுக்குள் விரலை விட்டுப் பாருங்கள். வெள்ளைப் படிவு தடிப்பாக இருந்தால் வளைமூக்கு உங்கள் வீட்டுக்கு உகந்ததல்ல, அல்லது பில்டர் தண்ணீர் மட்டும்தான் அதற்குள் ஊற்ற வேண்டும். தேத்தண்ணீரின் மேல் மினுமினுக்கும் ஆடை கட்டுவதும் இந்தச் சுண்ணாம்பால்தான். வெறுந்தேத்தண்ணீரில் தேசிக்காய் பிழிந்தால் ஆடை கரைந்து நிறம் தெளிவது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதே புளி கேத்திலையும் துப்புரவாக்கும். அரைக் கேத்தில் தண்ணீருக்கு மூன்று தேசிக்காய்ச் சாறு விட்டுக் கொதிக்கவைத்து, அரை மணிநேரம் விட்டு, மூக்கு வழியாகவே ஊற்றி வெளியேற்றுங்கள். பிறகு வெறும் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் கொட்டுங்கள். மாதம் ஒருமுறை இதைச் செய்யுங்கள். படிவு வேகமாக ஏறும் வீட்டில் இரண்டு முறை தேவைப்படும்.

கொள்ளளவை மறக்காதீர்கள். வளைமூக்கில் 800 மில்லிலீற்றர், கூடினால் ஒரு லீற்றர். நான்கைந்து பேர் உள்ள வீட்டில் சுடுதண்ணிப் போத்தலை நிரப்பவே இரண்டு தரம் கொதிக்கவைக்க வேண்டும், மெல்லிய மூக்கால் ஊற்ற நேரமும் எடுக்கும். பொங்கல் நாளில் வீடு நிறைய ஆட்கள் என்றால் அடுப்பில் பெரிய பானைதான்.

ஆனாலும் ஒருவருக்கு இதை மனதாரச் சொல்வேன்: கை நடுங்கும் வயதில் தனியாக இருக்கும் அம்மாவுக்கோ அப்புவுக்கோ. பாரம் குறைவு, தண்ணீர் ஒரேயடியாகக் குபுக்கென்று பாயாது. அவர்களுக்கு வாங்கும்போது 230 வோல்ற், 1000 வாற், உள்ளே முழுவதும் ஸ்ரெயின்லெஸ் ஸ்ரீல், கை உள்ளே போகுமளவு அகன்ற வாய், சாய்த்தாலும் கழலாத மூடி, கொதித்ததும் தானாக நிற்பது, தண்ணீர் இல்லாவிட்டால் சூடேறாமல் அணைவது ஆகிய அத்தனையும் இருக்கிறதா என்று கடையிலேயே கேட்டுப் பார்த்து வாங்குங்கள். பாகை காட்டும் திரைக்குக் காசு கொடுக்க வேண்டாம். மற்ற வீடுகளுக்கு 1.7 லீற்றர் சாதாரண ஸ்ரெயின்லெஸ் ஸ்ரீல் கேத்தில், 13 அம்பியர் சொக்கெற், ஒரு நல்ல சுடுதண்ணிப் போத்தல் போதும். மிச்சக் காசுக்கு நல்ல தேயிலை வாங்குங்கள்.